வரைபடம் பாஸாகிவிட்டது, அப்புறம்?

“பிளான்தான் பாஸாயிடுச்சே, இனிமே கட்ட வேண்டியதுதானே?”

எங்கள் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் இல்லை. சிராங்கூன் கார்டன்ஸ் பக்கத்தில் இருக்கும் பழைய வரிசை வீடு அது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். 78 வயதான என் அம்மா படுக்கும் அறை மாடியில். படியேறி இறங்க அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தரைத்தளத்திலேயே அவருக்கு ஓர் அறை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் குளியலறைக் கதவு. மூன்று மாடி வீடாக எடுத்துக் கட்டத் துணிந்ததற்கு இதுதான் முதல் காரணம்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்ட அனுமதி ஜூன் மாதம் வந்தது. வீட்டைக் காலி செய்து, பொங்கோலில் ஒரு வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அடுத்த தையில் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த தையில் காய்ச்சிவிடலாம் என்று அம்மா நாள் குறித்து வைத்திருந்தார்.

நம்மில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வசிப்பவர்கள். சாவி வாங்கும்போது அடித்தளமும் தூணும் நம் கவலை இல்லை. தரைக்கல்லிலிருந்துதான் நம் வேலை தொடங்கும். தரை வீட்டை இடித்துக் கட்டும்போது நிலைமை வேறு. சட்டத்தின் பார்வையில் அந்த வேலையின் மேம்பாட்டாளர் வீட்டு உரிமையாளர்தான். தகுதிபெற்ற கட்டடக் கலைஞர், பொறியாளர், உரிமம் பெற்ற குத்தகையாளர் ஆகியோரை நியமிக்கும் பொறுப்பு அவருடையது. அந்த இருபது மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு அனுமதி அல்ல, பல

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, திட்ட அனுமதி என்பது வீட்டின் உயரம், எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளி, தோற்றம் போன்றவற்றுக்கான சம்மதம் மட்டுமே. அந்த வீடு நிற்குமா என்பதை அது சொல்வதில்லை.

அதைப் பார்ப்பது கட்டட, கட்டுமான ஆணையம். கட்டட வரைபடம் ஒன்று, தூண், உத்தரம், அடித்தளம் ஆகியவற்றின் கணக்கு அடங்கிய கட்டமைப்பு வரைபடம் ஒன்று என இரண்டுக்கும் தனித்தனி ஒப்புதல் வேண்டும். கழிவுநீர், வடிகால் விவகாரங்களைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்க்கிறது. வாசலுக்கு முன்னால் மரம் இருந்தால் தேசியப் பூங்காக் கழகம் வரும். சாலை எல்லை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கணக்கு. கட்டமைப்பு வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகும், உரிமையாளர், குத்தகையாளர், பொறியாளர் மூவரும் சேர்ந்து விண்ணப்பித்து, வேலை தொடங்கும் உத்தரவைத் தனியாகப் பெறவேண்டும். அதற்கு முன் அடித்தளத்தில் கை வைக்க முடியாது.

இத்தனை காகிதங்களா என்று எனக்கும் அலுப்பு வந்தது. வீடு வளர வளரத்தான் ஒன்று புரிந்தது. கட்டுமானத்தில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை மூடிவிடுகிறது. மண் பைலை மூடுகிறது, கான்கிரீட் கம்பியை மூடுகிறது, பூச்சு குழாயை மூடுகிறது, தரைக்கல் நீர்க்காப்பு அடுக்கை மூடுகிறது. மூடிய பிறகு பார்க்க வேண்டுமானால் உடைத்துத்தான் பார்க்கவேண்டும். அனுமதிகளும் கையெழுத்துகளும் பெரும்பாலும் ‘மூடுவதற்கு முன் யார் பார்த்தது?’ என்ற ஒரே கேள்விக்கான பதில்கள்.

மண்ணுக்குள் இருப்பது

முதல் வேலை மண் பரிசோதனை. ஒரு சிறு இயந்திரம் மனையில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரி எடுக்கும். சிங்கப்பூர் சின்னத் தீவுதான். ஆனாலும் மண் ஒரே மாதிரி இல்லை. நடுப்பகுதியில் புக்கிட் தீமா கருங்கல், கிழக்கே இறுகிய பழைய வண்டல், காலாங், ரோச்சோர் போன்ற ஆற்றுப் படுகைகளில் மென்மையான கடற்களிமண். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டின் பைல் ஆழம் நம் வீட்டுக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது.

இடிப்பதற்கு முன் இரண்டு காரியங்கள். ஒன்று, பக்கத்து வீடுகளின் நிலையைப் படம்பிடித்துப் பதிவுசெய்வது. வரிசை வீட்டில் அண்டை வீட்டாருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது பொதுச் சுவர். அதில் ஏற்கெனவே இருக்கும் விரிசல் எது, நம் வேலையால் வந்தது எது என்று பின்னால் சச்சரவு வரக்கூடாது. எங்கள் இடப்பக்கத்து மூதாட்டி, பொறியாளரோடு அறை அறையாக நடந்து ஒவ்வொரு கீறலையும் விரலால் காட்டினார். அந்தப் படத்தொகுப்பில் ஒரு பிரதி அவருக்கும் கொடுத்தோம். பிறகு வேலை நடந்த காலம் முழுவதும் அவரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ். 1991 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட கட்டடத்தை இடிக்கும் முன், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று தகுதிபெற்றவர் ஆய்வு செய்யவேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. எங்கள் பின்கட்டுக் கூரைத் தகட்டில் இருந்தது. அதைத் தனியாக, உரிய பாதுகாப்போடு அகற்றிய பிறகே இயந்திரம் உள்ளே வந்தது.

எல்லா வீட்டையும் இடித்துவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். லிட்டில் இந்தியாவில் கடைவீடு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், “நானும் இடிச்சுக் கட்டலாமா அக்கா?” என்று கேட்டான். லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே முகப்பு, பொதுச் சுவர், கூரை வடிவம் எல்லாம் காப்பாற்றப்படவேண்டும். அவனுக்கு வாய்த்தது பழுதுபார்க்கும் பாதை; அதன் விதிகள் தனி.

பூமி பூஜையைக் காலை ஏழரைக்குள் முடித்தோம். பூவும் வாழையிலையும் பஃப்ளோ ரோட்டில் வாங்கியவை. எங்கள் குத்தகையாளர் சீனர். நாங்கள் தேங்காய் உடைத்து முடித்த பிறகு, அவரும் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழம் வைத்து வணங்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

பைல்கள் இறங்கி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம். அவற்றின் தலைகளை இணைத்துக் கான்கிரீட் தொப்பி, அதன்மேல் தரை உத்தரங்கள். தரைக்குக் கான்கிரீட் ஊற்றும் முன் கறையான் மருந்து தெளித்தார்கள். இத்தனை செலவும் செய்த பிறகு மனையைப் பார்த்தால் வெறும் மண்தரைதான் தெரியும். “காசெல்லாம் எங்கம்மா போச்சு?” என்று அம்மா கேட்டார். காசு மண்ணுக்குள் போயிருந்தது.

கம்பி கட்டுகிறவரின் பாடம்

தூண்கள் எழும்பத் தொடங்கியதும்தான் வீடு வீடாகத் தெரிந்தது. எங்கள் தளத்தில் கம்பி கட்டியவர்களில் ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கம்பிக்கு அடியில் சின்னச் சின்னக் கான்கிரீட் கட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“இது கவர் பிளாக் அக்கா. இது இல்லாட்டி கம்பி பலகையோட ஒட்டிக்கும். அப்புறம் கான்கிரீட்டுக்கு வெளியில கம்பி தெரியும். நம்ம ஊரு ஈரத்துல துரு ஏறிடும். துரு ஏறினா கம்பி உப்பும், கான்கிரீட்டு பெயர்ந்து விழும்.”

பழைய வீடுகளின் உட்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கான விளக்கத்தைப் பொறியாளரைவிட எளிமையாக அவர்தான் எனக்குச் சொன்னார்.

‘பாம் ஷெல்ட்டர்’ என்று நாம் சொல்லும் வீட்டுப் பாதுகாப்பறையும் இந்தக் கட்டத்தில் எழுகிறது. 1997இல் இயற்றப்பட்ட குடிமைத் தற்காப்பு முகாம் சட்டத்தின்படி புது வீடுகளில் இது இருக்கவேண்டும். தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு, காற்றுத் துவாரம். பிற்பாடு சுவரை உடைப்பதோ கதவைக் கழற்றுவதோ கூடாது. ஆகவே அது எந்த இடத்தில் வரும் என்பதை வரைபட நிலையிலேயே யோசித்துவிடவேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் அறைக்கு அடுத்து இருக்கிறது. பெட்டிகளும் தீபாவளிப் பலகாரப் பாத்திரங்களும் உள்ளே.

கான்கிரீட் லாரி திரும்பிப்போன நாள்

முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற நாள் குறித்திருந்தது. கலவை லாரி கிளம்பிவிட்டது. அப்போது தள மேற்பார்வையாளர் ஓர் உத்தரத்தின் முன் நின்றார். தூணை ஒட்டிய பகுதியில் வளையக் கம்பிகள் நெருக்கமாக இருக்கவேண்டும் என்பது வரைபடம். அங்கே இடைவெளி கூடுதலாக இருந்தது. “ஊற்றக்கூடாது” என்றார்.

குத்தகையாளருக்குக் கோபம். லாரிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ஆட்கள் நிற்கிறார்கள், சில அங்குல வித்தியாசம்தானே என்றார். மேற்பார்வையாளர் அசையவில்லை. அவர் குத்தகையாளரின் ஆள் அல்ல. எங்கள் பக்கத்திலிருந்து, பொறியாளரின் கீழ் நியமிக்கப்பட்டவர். லாரி திரும்பிப்போனது. கம்பியைப் பிரித்துக் கட்டி, மறுபடியும் பார்த்து, மறுபடியும் லாரிக்குச் சொல்லிவைத்து ஊற்ற ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாள் வாடகை எங்கள் கணக்கில்.

அன்று மாலை பொறியாளரிடம் பேசினேன். தளத்தின் எடை தூணுக்கு மாறும் இடம் அது, அங்கேதான் உத்தரம் வெட்டுப்படப் பார்க்கும், அதைத் தடுப்பது வளையக் கம்பிதான் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். பிறகு, “ஓவன் ரோடு தெரியும்தானே?” என்றார்.

தெரியாமல் எப்படி? 1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கும் முனையில் இருந்த ஆறு மாடி ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ காலை பதினொன்றரை மணிவாக்கில் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்றில் அப்பா வேலை பார்த்த காலம் அது. அன்று அவர் வீடு திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். எம்ஆர்டி சுரங்கப் பணிக்காக இங்கே வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள், இடிபாடுகளுக்குள் சுரங்கம் தோண்டி மீட்புக்கு உதவினர்.

பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்ததுதான் பெரிய அதிர்ச்சி. 1971இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் கணக்கில், கட்டடத்தின் சொந்த எடையே சேர்க்கப்படவில்லை. உள்ளே வரும் மனிதர்கள், பொருள்களின் எடை மட்டும் இருந்தது. அதோடு ஆண்டுகள் போகப் போக மேலும் மேலும் சுமை ஏறியது. அத்தனை காலம் உள்ளே போய்வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? பூச்சும் ஓடும் எல்லாவற்றையும் மூடியிருந்தன.

அதன் பிறகே 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சில சிறு வேலைகளைத் தவிர, ஒரு பொறியாளர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பில்லாத இன்னொரு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் தனியாகப் போட்டுப் பார்க்கவேண்டும் என்ற முறை வந்தது. தளத்தில் மேற்பார்வையாளர் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் அதே அக்கறையில் வந்தது. எங்கள் தளத்தில் ஒன்பது நாளை விழுங்கிய அந்த ‘கூடாது’ என்ற சொல்லுக்கு ஓவன் ரோட்டில் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஊற்றிய கான்கிரீட்டையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. லாரியிலிருந்து மாதிரி எடுத்துக் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரும் தண்ணீரும்

கூரை மூடியதும் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நேரத்தைப் பொறுத்தவரை பாதிகூட இல்லை. செங்கல் சுவர், மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், குளிர்சாதனக் குழாய் என ஒருவர் வேலை இன்னொருவர் வேலைக்காகக் காத்திருக்கும் கட்டம் இது. மின்வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரிமம் பெற்றவர்கள் வேண்டும். சுவர் பூசும் முன், ஒவ்வொரு அறையிலும் குழாயும் கம்பியும் போகும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்தோம், பக்கத்தில் அளவு நாடாவை வைத்து. இன்று சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போதும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம்.

குளியலறைகளில் நீர்க்காப்புப் பூச்சு பூசிய பிறகு, வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வைப்பார்கள். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் மூன்றாம் மாடிக் குளியலறையில் ஒரு குழாயைச் சுற்றிக் கசிந்தது. தரைக்கல் ஒட்டும் முன் தெரிந்ததால், அரை நாள் வேலையோடு போயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் நமக்கும் ஆசைகள் மாறும். சுவரை நகர்த்துவதற்கும் தூணை நகர்த்துவதற்கும் வேறுபாடு உண்டு. கட்டமைப்பில் மாற்றம் என்றால் திருத்திய வரைபடம், புதிய ஒப்புதல். எந்த மாற்றமாக இருந்தாலும், விலையையும் கூடுதல் நாள்களையும் எழுத்தில் வாங்கிய பிறகே தலையசைக்க வேண்டும்.

தேங்கிய தண்ணீருக்கு இன்னொரு முகம் கொசு. கட்டுமானத் தளத்தில் ஏடிஸ் கொசு பெருகினால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம், வேலையையே நிறுத்தலாம். நாங்கள் தளத்துக்குப் போகும்போதெல்லாம் கவிழ்க்காத வாளியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

குடியிருப்புப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் கட்டுமான வேலைக்கு இடமில்லை. கால அட்டவணை போடும்போது அந்த நாள்களைக் கழித்துவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனபோது அந்தப் புதுக்கோட்டைத் தம்பியை நண்பர்களோடு பார்த்தேன். “அக்கா, உங்க வீட்டு ரெண்டாவது மாடி நாளைக்கு ஆரம்பிக்கிறோம்” என்று நண்பர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

தையும் டிஓபியும்

வீடு பார்வைக்கு முடிந்துவிட்டது. ஆனால் தற்காலிகக் குடியேற்ற அனுமதி, அதாவது டிஓபி, கிடைக்கும்வரை குடிபுக முடியாது. அம்மா குறித்த தை முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, கட்டடக் கலைஞர் மாடிக் கைப்பிடியை அளந்து பார்த்தார். கம்பிகளுக்கிடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. சிறு குழந்தையின் உடல் நுழைந்துவிடும். விதி அதை அனுமதிப்பதில்லை. மூன்று மாடிக்கும் கழற்றி மாற்றவேண்டும் என்றார். கம்பிப் பட்டறைக்காரர் விடுமுறையில் போயிருந்தார். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

“பால் மட்டும் காய்ச்சிட்டு வந்துடலாமே, யாரு பார்க்கப்போறா?” என்றார் அம்மா. கட்டடக் கலைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. தளம் இன்னும் குத்தகையாளரின் பொறுப்பில் இருக்கிறது, காப்புறுதியும் அந்த நிலையில்தான் இருக்கிறது என்றார். அம்மாவுக்கு மனத்தாங்கல். மாசியும் பங்குனியும் ஆகாது என்பது அவர் கணக்கு. சித்திரைவரை பொங்கோல் வீட்டின் வாடகை தொடர்ந்தது. “எங்க காலத்துல வீடு கட்டலையா” என்று அவர் முணுமுணுத்தது இரண்டு மாதம் ஓயவில்லை.

டிஓபி வந்தது, சித்திரையில் பால் பொங்கியது. என் தம்பியின் பேரன், ஒன்றரை வயது, அன்று முழுக்க அந்தக் கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மாடியில் நடந்தான்.

குடிபுகுந்த பிறகும் வேலை முடிவதில்லை. எஞ்சிய நிபந்தனைகள் நிறைவேறிய பின் சட்டபூர்வ நிறைவுச் சான்றிதழ் பெறவேண்டும். ஒப்பந்தத்தில் குறைதீர்ப்புக் காலம் என ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஓராண்டு. அதுவரை தொகையின் ஒரு பகுதி பிடித்துவைக்கப்படும். ஆண்டு இறுதி மழை ஒன்றைப் பார்க்காமல் கூரையையும் சன்னலையும் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எங்களுக்கு டிசம்பரில் ஒரு சன்னல் ஓரம் கசிந்தது. குத்தகையாளர் வந்து சரிசெய்தார்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு

குத்தகையாளரின் உரிமத்தைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். முடிந்த வேலைக்கு மட்டும், கட்டடக் கலைஞர் சான்றளித்த பிறகு பணம் கொடுங்கள். உங்கள் மேற்பார்வையாளர் குத்தகையாளரிடமிருந்து தனித்து நிற்பவராக இருக்கட்டும். அவர் ‘கூடாது’ என்று சொன்னால் அவர் பக்கம் நில்லுங்கள். பைல், கம்பி, குழாய், நீர்க்காப்பு ஆகிய நான்கையும் மூடுவதற்கு முந்தைய நாள் தளத்துக்குப் போய்ப் படம் எடுங்கள். வாடகை வீட்டு ஒப்பந்தத்தை, குத்தகையாளர் சொல்லும் தேதிக்குப் பிறகும் சில மாதம் நீட்டிக்க வழியிருக்குமாறு போடுங்கள். முகூர்த்தத்தை டிஓபி கையில் வந்த பிறகு பாருங்கள்.